செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் சிசுவுக்கு ஏன் இரத்தம் கேட்கிறார்கள்?

குறைமாதத்தில் பிறந்து வென்டிலேட்டரில் வைக்கப்பட்ட குழந்தைக்கு இரத்தம் வேண்டும் என்று மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்ததும், வீட்டார் மனத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. "குழந்தைக்கு அடிபடவில்லை, ஆபரேஷனும் ஆகவில்லை. இரத்தம் எங்கே போனது?" என்பது முதல் கேள்வி. "தினமும் டெஸ்ட் என்று இரத்தம் எடுக்கிறார்களே, அதனால்தான் குறைந்ததா?" என்பது இரண்டாவது. "வெளியார் இரத்தம் எதற்கு? வாப்பா நான் இருக்கிறேன், என்னிடம் எடுங்கள்" என்பது மூன்றாவது.

மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் பதில் தெரியாத நிலையில் சிலர் பரிசோதனையே வேண்டாம் என்கிறார்கள். சிலர் மருத்துவரைச் சந்தேகிக்கிறார்கள். சிலர் சொந்தக்காரர் இரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இந்த இதழில் இதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

உடலில் இருப்பதே ஒரு டீ கிளாஸ் அளவு

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. மாதம் நிறைந்து 3 கிலோ எடையில் பிறந்த குழந்தையிடம் இருப்பது சுமார் 250 மில்லி. குறைமாதத்தில் 1 கிலோ எடையில் பிறந்த குழந்தையிடம் மொத்தமே 90 முதல் 100 மில்லிதான். நம் ஊர் டீக்கடையில் தரும் சிறு கிளாஸில் அது அடங்கிவிடும்.

இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற அனைத்தும் விளங்கும். ஒரு கிலோ குழந்தையிடம் 1 மில்லி இரத்தம் எடுத்தால், அது அதன் மொத்த இரத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. பெரியவர் ஒருவரிடம் 50 மில்லி எடுப்பதற்கு அது சமம். நாளொன்றுக்கு ஐந்து முறை, முறைக்கு அரை மில்லி என்று எடுத்தால், நமக்கு தினமும் 125 மில்லி எடுப்பது போன்ற கணக்கு வரும்.

இரத்தம் எங்கே போகிறது?

பச்சிளம் குழந்தையின் இரத்தம் குறைவதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று இழப்பு. மற்றொன்று, இழந்ததை ஈடுசெய்ய உடலால் முடியாமை.

முதலில் இழப்பைப் பார்ப்போம். நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து முன்கூட்டியே பிரிந்துவிட்டால் பிரசவத்தின்போதே இரத்தம் போகலாம். கருவிலிருக்கும்போதே குழந்தையின் இரத்தம் நச்சுக்கொடி வழியே தாயின் உடலுக்குள் கசிவதும் உண்டு. வேக்யூம் கருவி வைத்து எடுத்த பிரசவங்களில், அபூர்வமாக, குழந்தையின் தலைத்தோலுக்கு அடியில் இரத்தம் சேர்ந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் உள்ளே ஆபத்தான அளவு இழப்பு நடந்திருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மிகச் சிறிய குழந்தைகளைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்களில் ஏற்படும் இரத்தக் குறைவுக்கு முக்கியமான காரணம் பரிசோதனைக்கு எடுக்கப்படும் இரத்தம்தான். மருத்துவ உலகம் இதை மறைப்பதில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று அடிக்கடி பார்த்தால்தான் கருவியின் அழுத்தத்தைச் சரியாக வைக்க முடியும். சர்க்கரை, உப்புச்சத்து, மஞ்சள் காமாலை, கிருமித்தொற்று ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் நுரையீரலுக்கும் மூளைக்கும் சேதம் வரும். ஆகவே பரிசோதனை வேண்டாம் என்று தடுப்பது குழந்தைக்கு நன்மை செய்வதாகாது.

ஆனால் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "டாக்டர், எடுக்கும் இரத்தத்தின் அளவைக் குறைக்க வழி இருக்கிறதா? பல டெஸ்ட்டுகளை ஒரே முறையில் சேர்த்து எடுக்க முடியுமா?" நல்ல சிகிச்சைப் பிரிவுகள் இதைத் தாமாகவே செய்கின்றன. மிகச் சிறிய குப்பிகளைப் பயன்படுத்துவார்கள். எடுத்த அளவைக் குறித்து வைப்பார்கள். தோலின் மேல் வைத்தே பிராணவாயுவையும் மஞ்சள் காமாலையையும் அளக்கும் கருவிகளைப் பயன்படுத்துவார்கள்.

அடுத்தது உடலின் இயலாமை. எலும்பு மஜ்ஜையைத் தூண்டி இரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கச் செய்யும் ஹார்மோனுக்கு எரித்ரோபாய்ட்டின் என்று பெயர். குறைமாதக் குழந்தையிடம் இது போதிய அளவு சுரப்பதில்லை. பெரியவர் உடலில் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. குறைமாதக் குழந்தையிடம் அதில் பாதி நாள்கூட வாழ்வதில்லை. போதாக்குறைக்கு, தாயிடமிருந்து இரும்புச்சத்து பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. முன்னதாகப் பிறந்த குழந்தை அந்தச் சேமிப்பு இல்லாமலேயே வந்துவிடுகிறது. ஆக, செலவு அதிகம், வரவு குறைவு, கையிருப்பும் இல்லை. இது யாருடைய குற்றமும் அல்ல.

எப்போது ஏற்றுவார்கள்?

பொதுவாக, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை சிவப்பணுக்களை, ஊசிப் பம்ப் மூலம் மூன்று நான்கு மணி நேரத்தில் மெல்ல ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் சிறிய இதயம் திணறும். பெரிய இழப்பு ஏற்பட்ட அவசர நேரத்தில் மட்டும் வேகமாகக் கொடுப்பார்கள்.

"ஹீமோகுளோபின் குறைந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் இன்னும் இரத்தம் ஏற்றவில்லையே" என்று பதறும் குடும்பங்களும் உண்டு. இது பற்றி 2020-ஆம் ஆண்டில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் 1,000 கிராமும் அதற்குக் குறைவாகவும் எடையுள்ள 1,824 குழந்தைகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவில், சுவாச உதவியில் இருக்கும் குழந்தைக்கு முதல் வாரத்தில் ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இறங்கினாலே இரத்தம் ஏற்றினார்கள். மற்றப் பிரிவில் 11-க்குக் கீழே இறங்கும்வரை பொறுத்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் இந்த இரண்டு எல்லைகளையுமே குறைத்துக்கொண்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய பருவத்தில் பார்த்தபோது, உயிர் பிழைப்பதிலும் மூளை வளர்ச்சியிலும் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. ஐரோப்பாவில் 1,013 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் இதையே காட்டியது.

தட்டணுக்கள் எனப்படும் பிளேட்லெட் விஷயத்தில் பாடம் இன்னும் கடுமையானது. 2019-இல் வெளியான ஆய்வில் 660 குறைமாதக் குழந்தைகள் இடம்பெற்றனர். தட்டணு 25,000-க்குக் கீழே இறங்கும்வரை பொறுத்த பிரிவில் மரணமோ பெரிய இரத்தக் கசிவோ 19 சதவீதம். 50,000-க்குக் கீழே இறங்கியதுமே ஏற்றிய பிரிவில் அது 26 சதவீதம். அதாவது அதிகம் கொடுப்பது எப்போதும் நல்லதல்ல. இரத்தமும் ஒரு மருந்துதான். அளவும் நேரமும் பார்த்தே தர வேண்டும். மருத்துவர் பொறுத்திருந்தால் அதை அலட்சியம் என்று முடிவு கட்டாமல், "எந்த அளவுக்கு இறங்கினால் ஏற்றுவீர்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

எக்மோவில் வைத்தால்?

2020-இல் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் சென்னையில் சிகிச்சை பெற்றபோது எக்மோ என்ற சொல் நம் வீடுகளுக்கு அறிமுகமானது. இரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுவந்து, ஒரு கருவியில் பிராணவாயு ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை அது. இந்த முறையில் பச்சிளம் குழந்தை ஒன்றை முதன்முதலாகக் காப்பாற்றியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் இராபர்ட் பார்ட்லெட். ஆண்டு 1975, இடம் கலிபோர்னியா. பிறகு பிரிட்டனில் 185 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1996-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54 பேர் இறந்தனர். எக்மோவுக்கு அனுப்பப்பட்ட 93 பேரில் இறந்தவர்கள் 30 பேர். வென்டிலேட்டரும் கைவிட்ட நிலையில் இது பெரிய நன்மை.

ஆனால் எக்மோவின் குழாய்களும் கருவியும் நிரம்ப, குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இரத்தம் வேண்டியிருக்கும். ஆகவே தொடங்குவதற்கு முன்பே, கொடையாளரின் இரத்தத்தால் அந்தக் குழாய்களை நிரப்புகிறார்கள். குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து தருகிறார்கள். அதே மருந்தால் மூளையிலும் மற்ற இடங்களிலும் இரத்தம் கசியும் ஆபத்து உண்டாகிறது. கருவியோ தட்டணுக்களைத் தொடர்ந்து குறைக்கிறது. இதனால்தான் நாள்தோறும் இரத்தமும் தட்டணுவும் கேட்கிறார்கள். மூளைக் கசிவு ஆபத்து அதிகம் என்பதால், மிகவும் குறைமாதத்தில் பிறந்த, 2 கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாக எக்மோ வைப்பதில்லை.

"என் இரத்தத்தை எடுங்கள்"

இந்தப் பாடத்தில் நாம் மறக்கக் கூடாத பகுதி இதுதான். வாப்பா, சாச்சா, மாமா, உடன்பிறந்தவர் என்று நெருங்கிய உறவினரின் இரத்தத்தை அப்படியே குழந்தைக்கு ஏற்றக் கூடாது.

ஏற்றப்படும் இரத்தத்தில் கொடையாளரின் வெள்ளையணுக்களும் சிறிதளவு இருக்கும். அந்நியர் இரத்தமாக இருந்தால் குழந்தையின் உடல் அவற்றை வேற்று அணுக்கள் என்று அறிந்து அழித்துவிடும். நெருங்கிய உறவினரின் அணுக்களோ குழந்தையின் அணுக்களைப் போலவே தோற்றம் காட்டும். உடல் ஏமாந்து அவற்றை விட்டுவிடும். அவை உள்ளே தங்கிப் பெருகி, குழந்தையின் தோல், ஈரல், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைத் தாக்கும். இது அபூர்வமாகவே வரும். வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஜப்பானில் இதய அறுவைச் சிகிச்சைகளில் உறவினரின் புதிய இரத்தத்தைப் பயன்படுத்திவந்த காலத்தில் இப்படிப்பட்ட மரணங்கள் நேர்ந்தன. இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அந்த வெள்ளையணுக்களைச் செயலிழக்கச் செய்யும் முறை அங்கே பொதுவான பிறகே அவை நின்றன. வெள்ளையணுவை வடிகட்டுவது மட்டும் இதற்குப் போதாது.

நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்வது வழக்கம். அத்தகைய குடும்பங்களில் உறவினருக்கிடையே மரபணு ஒற்றுமை மேலும் கூடுதல். எனவே இந்த ஆபத்தும் கூடுதல். தவிர்க்க முடியாமல் உறவினர் இரத்தம்தான் ஏற்ற வேண்டிய நிலை வந்தால், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும்.

அப்படியானால் வாப்பா இரத்தம் தரவே கூடாதா? தாராளமாகத் தரலாம். அது இரத்த வங்கியின் பொது இருப்புக்குப் போகும், வேறொருவரின் உயிரைக் காக்கும். நம் குழந்தைக்கு, முன்பே யாரோ ஒருவர் தந்து, முறையாகப் பரிசோதிக்கப்பட்ட இரத்தம் கிடைக்கும்.

"இன்றைக்கு எடுத்த இரத்தம்தான் வேண்டும்" என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. இரத்தத்தை முழுமையாக மாற்றும் சிகிச்சை, எக்மோ போன்ற பெருமளவு தேவைகளுக்குச் சில நாட்களுக்குள் எடுத்த இரத்தத்தையே மருத்துவர்கள் கேட்பார்கள். ஆனால் சிறிய அளவில் ஏற்றும்போது புதிய இரத்தத்தால் கூடுதல் நன்மை இல்லை என்று, 377 குறைமாதக் குழந்தைகளிடம் கனடாவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதில் இன்னொரு பயனும் உண்டு. ஒருவர் தந்த ஒரே பையைப் பல சிறு பைகளாகப் பிரித்து, ஒரே குழந்தைக்கென்று ஒதுக்கி வைத்து, தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்தே தரலாம். பல பேரின் இரத்தம் குழந்தையின் உடலில் ஏறுவது தவிர்க்கப்படும். வசதியுள்ள இரத்த வங்கிகள் இப்படிச் செய்கின்றன. உங்கள் குழந்தைக்கு இது கிடைக்குமா என்று கேளுங்கள்.

உம்மாவின் இரத்த மாதிரியும் வேண்டும்

முதல் நான்கு மாதங்களில் குழந்தையின் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருட்கள் பெரும்பாலும் தாயிடமிருந்து வந்தவை. ஆகவே ஏற்றும் இரத்தம் குழந்தைக்கு மட்டுமல்ல, தாயின் இரத்தத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். இரத்த வங்கி தாயின் மாதிரியைக் கேட்பது இதனால்தான்.

நடைமுறையில் சிக்கல் இங்கேதான் வருகிறது. தாய் ஓர் ஊரில் பிரசவமாகிப் படுத்திருப்பார். குழந்தையை 108 ஆம்புலன்ஸில் வேறு ஊர் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். தாயின் மாதிரி இல்லாமல் அங்கே நேரம் வீணாகும். குழந்தையை அனுப்பும்போதே தாயின் இரத்தப் பிரிவுச் சான்றையும், பெயர் எழுதி ஒட்டிய இரத்த மாதிரியையும் உடன் அனுப்பும்படி பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

தாய்க்கு நெகட்டிவ் பிரிவு என்றால் கர்ப்ப காலத்திலேயே கவனம் வேண்டும். 28-ஆவது வாரத்தில் ஒரு முறையும், குழந்தை பாசிட்டிவ் பிரிவாக இருந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். கருச்சிதைவு ஏற்பட்டாலும் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும். தவறவிட்டால், அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களைத் தாயின் உடலே அழிக்கும் நிலை வரலாம்.

பிரசவ அறையில் கிடைக்கும் இரண்டு பாதுகாப்புகள்

முதலாவது, தொப்புள்கொடியை அவசரப்பட்டு வெட்டாமல் இருப்பது. குழந்தை பிறந்த பின்னும் நச்சுக்கொடியில் உள்ள இரத்தம் சில நிமிடங்கள் குழந்தைக்குப் பாய்ந்துகொண்டிருக்கும். குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியைக் கட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிறைமாதக் குழந்தைக்கு இதனால் 80 மில்லி அளவுக்கு இரத்தம் சேரலாம். குறைமாதக் குழந்தைகளில் பிறகு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே இதனால் குறைகிறது. குழந்தை மூச்சுவிடாமல் உடனடி உதவி தேவைப்பட்டால் மருத்துவர் முன்னதாகவே வெட்டுவார். அது அவருடைய தீர்ப்பு.

இரண்டாவது, வைட்டமின் கே ஊசி. இரத்தம் உறைய இந்த வைட்டமின் வேண்டும். பிறந்த குழந்தையிடம் இது மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் குறைவு. பிறந்தவுடன் தொடையில் போடும் ஒரே ஓர் ஊசி, பின்னர் வாரங்கள் கழித்து மூளைக்குள் திடீரென இரத்தம் கசிவதைத் தடுக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு அளவு 1 மில்லிகிராம். "பிறந்த பிள்ளைக்கு ஊசி எதற்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் அது போடப்பட்டதாகக் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் மிகவும் இறங்குவது பிறந்த ஒன்று இரண்டு மாதங்களில்தான். அப்போது மறுபரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும்.

சீட்டு வருவதற்கு முன்பே தருவோம்

மேலே சொன்ன அனைத்தும் ஓர் உண்மையில் வந்து நிற்கின்றன. குழந்தைக்கு இரத்தம் தேவைப்படும் நேரத்தில் உறவினர் ஓடிவந்து தருவதைவிட, யாரோ ஒருவர் முன்பே தந்து, பரிசோதித்து, பிரித்து வைக்கப்பட்ட இரத்தமே பயன்படும். அந்த யாரோ ஒருவர் நம் தெருவைச் சேர்ந்தவராக இருக்கட்டும்.

18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமலும் உள்ளவர்கள், உடல்நலம் நன்றாக இருந்தால் இரத்தம் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தரக் கூடாது. வெறும் வயிற்றில் தரக் கூடாது என்பதால், நோன்பு வைத்த நிலையில் இரத்த வங்கிகள் ஏற்றுக்கொள்வதில்லை. ரமலான் மாதத்தில் நம் இளைஞர்களின் கொடை குறைவதற்கு இதுவே காரணம். ஷஅபான் மாதத்திலேயே ஒரு முறை கொடுத்துவிட்டால் அந்தக் குறை தீரும். ரமலானில் தர வேண்டியிருந்தால் இஃப்தாருக்குப் பிறகு, நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லலாம்.

பணம் வாங்கிக்கொண்டு இரத்தம் தருவது 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. மருத்துவமனை வாசலில் யாராவது விலை பேசினால் ஒதுங்கிவிடுங்கள். அவர்கள் கொண்டுவரும் இரத்தத்தில் நோய் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கும் நோயுற்ற ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், தாய் சேய் நலத் திட்டத்தின் கீழ் சிகிச்சையும் மருந்தும் இரத்தமும் இலவசம். இந்தத் திட்டம் 2011-இல் தொடங்கப்பட்டது. கட்டணம் கேட்டால், இந்தத் திட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், ஏழாம் மாதத்துக்குள் ஒரு தாளில் இவற்றை எழுதி மகப்பேறு அட்டையோடு வையுங்கள்: தாயின் இரத்தப் பிரிவு, தகப்பனின் இரத்தப் பிரிவு, ஆன்டி-டி ஊசி தேவையா, போட்டாயிற்றா, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு அருகில் எந்த மருத்துவமனையில் உள்ளது, இரத்த வங்கியின் தொலைபேசி எண். எழுத ஐந்து நிமிடம் போதும். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது அந்த ஒரு தாள், பதற்றத்தில் நம் நினைவுக்கு வராத அனைத்தையும் மருத்துவருக்குச் சொல்லிவிடும்.